தங்கச் சட்டத்துக்குள் ஒரு பல்வலி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பிறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், சாமந்திபுரம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் ராஜா பெயர் சிங்காரபூபதி. நல்ல மனுஷர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. படம் சேர்க்கிற பைத்தியம்.

சாதாரணப் படம் இல்லை, தைல வண்ணப் படம். எண்ணெயில் சாயம் குழைத்து, கித்தான் துணியில் தீட்டி, நாலு பக்கமும் தங்க முலாம் பூசிய சட்டம் அடித்து மாட்டுவார்களே, அது. வேட்டைக்காரர்கள் படம் இருந்தது. யானைப் படம் இருந்தது. பலாச்சுளை உரிக்கிற ஒரு பெண்ணின் படம் இருந்தது, அதைப் பார்த்தாலே நம் கை பிசுபிசுக்கும். அரண்மனையில் சுவர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. ராணி செண்பகவடிவு தன் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்ட ஒரு முழம் இடம் கேட்டு வருஷக்கணக்காகிறது. "பார்க்கலாம் செண்பகம்" என்பார் ராஜா. பிறகு படத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்தப் படங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவன் தைலாண்டி. அவன் பெரிய ஓவியன் என்று ஊரே நம்பியது. உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். அவனுக்கு ஒரு பூசணிக்காய்கூட வரையத் தெரியாது. அவன் மந்திரவாதி.

கக்கத்தில் சுருட்டிய கித்தானும் கையில் ஒரு எண்ணெய்ச் சொம்புமாகத் திரிவான். கண்ணுக்குப் பிடித்தது எதிரே வந்தால் கித்தானை விரிப்பான், எண்ணெயைத் தெளிப்பான், மந்திரம் சொல்வான்: "அசையாதே, அலுங்காதே, அப்படியே ஒட்டிக்கொள்." அவ்வளவுதான். யானையானாலும் ஆளானாலும் கித்தானுக்குள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மந்திரவாதிக்குப் பல் போனால் மந்திரமும் போய்விடும், அது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் தைலாண்டி காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் வேலங்குச்சியால் பல் தேய்ப்பான். முறுக்கைத் தொடமாட்டான். சீடை சுடுகிற வாசனை வந்தால் அந்தத் தெருவிலேயே கால் வைக்கமாட்டான்.

ஒருநாள் ராஜா அவனைக் கூப்பிட்டார்.

"தைலாண்டி, எல்லாம் இருக்கு. காதல் படம் ஒண்ணு இல்லையேப்பா. சித்ரா பௌர்ணமிக்கு ஐம்பத்தாறு தேசத்துப் படப் பிரியர்களும் நம்ம அரண்மனைக்கு வர்றாங்க. காதல்னா இதுதான்னு அவங்க வாயைப் பிளக்கணும். அப்படி ஒரு படம் கொண்டு வா. பாதி ராஜ்யம் உனக்கு."

தைலாண்டி காதலைத் தேடிப் புறப்பட்டான்.

முதலில் ஒரு வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். புருஷன் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். இது ஆகாது என்று நடந்தான். அடுத்து ஒரு குளக்கரையில் புது மாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாமியார் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். இதுவும் ஆகாது. மூன்றாவதாக ஒரு தோப்பில் நிஜமாகவே ஒரு காதல் ஜோடி அகப்பட்டது. இவன் கித்தானை விரிப்பதற்குள், வருவது பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள்.

அலுத்துப்போய் வெள்ளிக்கிழமைச் சந்தை வழியாக வந்தவன், ஒரு துணிக் கூடாரத்தின் இடுக்கில் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே ஒரு அழகான பெண் உட்கார்ந்திருந்தாள். சுருட்டை முடி வாலிபன் ஒருவன் குனிந்து அவள் மோவாயை மெதுவாக ஏந்தியிருந்தான். அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது. கண் நிறையத் தண்ணீர். கன்னம் உப்பி, சிவந்து கிடந்தது. அவனுடைய இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்திருந்தது.

"ஆஹா, என்ன காதல், என்ன காதல்" என்று உருகிப் போனான் தைலாண்டி. கித்தானை விரித்தான், எண்ணெயைத் தெளித்தான். "அசையாதே, அலுங்காதே, அப்படியே ஒட்டிக்கொள்."

ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த வாலிபன் யார் தெரியுமா? வைரவன். சந்தைக்குச் சந்தை கூடாரம் போட்டுப் பல் பிடுங்குகிறவன். முதுகுக்குப் பின்னால் அவன் மறைத்து வைத்திருந்தது குறடு. குறட்டை முன்னால் காட்டினால் யார் வாயைத் திறப்பார்கள்?

அந்தப் பெண் கோமளம். மிட்டாய்க்காரன் ஏகாம்பரத்தின் மனைவி. ஏகாம்பரம் செய்வது கமர்கட்டு. வெல்லப் பாகில் தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிண்டி உருட்டுகிற உருண்டை. மற்றவர்கள் செய்த கமர்கட்டைக் கடித்தால் கமர்கட்டு உடையும். ஏகாம்பரத்தின் கமர்கட்டைக் கடித்தால் எது உடையும் என்று சொல்ல முடியாது. கோமளம் பாகு பதம் சரியா என்று பார்க்க ஒன்றைக் கடித்தாள். கடைவாய்ப் பல் விண்டுவிட்டது.

சந்தைக்கு வருகிற வழியெல்லாம் ஏகாம்பரம் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். "பயப்படாதே கோமளம். உன் கையை நான் பிடிச்சுக்கிறேன். பல்லு வந்ததே உனக்குத் தெரியாது."

ஆனால் அவன் ரத்தம் பார்த்தால் ஆடிப்போகிற ஆள். தக்காளி நசுங்கினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். கூடாரத்துக்குள் நுழைந்ததும் முன்னால் வந்துபோனவருக்கு வாய் துடைத்த துணியில் ஒரு சொட்டுச் சிவப்பைக் கண்டான். "ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று வெளியே ஓடியவன், புளியமரத்துக்குப் பின்னால் போய் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றான். உள்ளே கோமளம் அவன் கையைத் தேடித் தன் இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தைலாண்டி எண்ணெயைத் தெளித்தான்.

ஏகாம்பரம் திரும்பி வந்தபோது கூடாரத்தில் முக்காலி மட்டும் இருந்தது.

"பல்லு பிடுங்கறவனோட ஓடிப்போயிட்டா. தலையை முழுகிட்டு வேற வேலையைப் பாரு" என்றார்கள் சந்தையில்.

"பல்வலியோட யாருய்யா ஓடுவா? அவளுக்கு வலி வந்தா அடுப்படி வரைக்கும்கூட நடக்கமாட்டா" என்றான் ஏகாம்பரம்.

வாயால் அப்படிச் சொன்னானே தவிர, உள்ளுக்குள் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடிக்கவில்லையே என்ற நினைப்பு அவனைச் சோறு தின்னவிடவில்லை. ஒரு கூடை கமர்கட்டும் பாகு கிண்டும் இரும்புக் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோமளத்தைத் தேடிப் புறப்பட்டான்.

இங்கே சாமந்திபுரத்தில் ராஜா படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணோட இடது கை எதுக்குப்பா பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு? காதலன் முன்னால இருக்கான். அழகையே கெடுக்குதே."

"அகலமா ஒரு சட்டம் அடிச்சு அந்தக் கையை மறைச்சிடலாம் மகாராஜா" என்றான் தைலாண்டி. அப்படியே முழ அகலத்துக்குத் தங்கச் சட்டம் அடித்தார்கள். கோமளத்தின் கை சட்டத்துக்கு அடியில் போய்விட்டது.

தைலாண்டிக்கு இன்னொரு கவலை இருந்தது. அவனுடைய மந்திரத்துக்கு ஒரு விதி உண்டு. படத்துக்குள் பாதியில் நின்ற காரியம் முடிந்துவிட்டால் மந்திரம் விட்டுப்போகும். மேலே வார்னிஷ் பூசிவிட்டால் அப்புறம் கவலை இல்லை, உள்ளே இருப்பவர்கள் மரக்கட்டை மாதிரிதான். ஆனால் எண்ணெய்ச் சாயம் காய்வதற்கு மாசக்கணக்காகும். காயாமல் வார்னிஷ் பூச முடியாது. அதுவரை இந்த இரண்டு பேரும் பாதியில் விட்டதை முடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதியில் நின்றது முத்தம் என்று நினைத்தான் அந்த மடையன். ரொம்ப யோசித்து, படத்துக்கு நேர் எதிரே ராஜமாதாவின் ஆளுயரப் படத்தை மாட்டச் சொன்னான். ராஜமாதா முறைத்தால் காவல்காரர்களே தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள். "பெரியவங்க எதிர்ல நிக்கும்போது எப்படி முத்தம் கொடுத்துக்கிறாங்கன்னு பார்ப்போம்" என்று கையைத் தட்டிக்கொண்டு போனான்.

பங்குனி முடிகிற சமயம் ஏகாம்பரம் சாமந்திபுரத்துக்கு வந்து சேர்ந்தான். கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"புதுப் படம் பார்த்தியா? என்ன காதல், என்ன காதல். ஆனா பாரேன், அவ்வளவு அழகான பொண்ணு, ஒரு காதுல தோடு, இன்னொரு காதுல வேப்பங்குச்சி."

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமளத்தின் வலது காதுத் தோடு தைப்பூசத்தில் தொலைந்துபோனது. அன்றிலிருந்து அந்தக் காதில் வேப்பங்குச்சிதான்.

ஓட்டமாய் ஓடி அரண்மனைக்குப் போனான். படங்கள் மாட்டிய மண்டபத்துக் காவல்காரனுக்கு ஒரு கமர்கட்டைக் கொடுத்தான். வாயில் போட்டுக்கொண்ட காவல்காரன் கையாலேயே உள்ளே போ என்றான்.

அங்கே இருந்தாள் கோமளம். தங்கச் சட்டத்துக்குள், கண்ணில் தண்ணீரோடு. ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனான். பக்கத்தில் நின்ற கூட்டம் வேறு, "என்ன காதல், என்ன காதல்" என்று உச்சுக்கொட்டியது. பல் பிடுங்குகிறவன் மோவாயைத்தான் பிடிப்பான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தாலும் வயிறு எரிந்தது. 'பிடிக்கிறதுதான் பிடிக்கிறே, இவ்வளவு பதவிசாவாடா பிடிக்கணும்' என்று வைரவனை மனசுக்குள் திட்டினான். திட்டி முடித்ததும், நான் பிடிக்க வேண்டியதைப் பிடித்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று தேம்பி அழுதான்.

மத்தியானமாயிற்று. கூட்டம் கலைந்தது. காவல்காரன் வெயில் மயக்கத்தில் சரிந்தான். அப்போது சட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ச்சு, ச்சு, ச்சு."

ஒரு கிழட்டுப் பல்லி தலையை நீட்டியது.

"யோவ் மிட்டாய், மூக்கைச் சிந்தறதைத் தள்ளி நின்னு சிந்து. நான் குடியிருக்கிற இடம் இது."

"பல்லி பேசுதா?" என்றான் ஏகாம்பரம்.

"நாங்க எப்பவும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். நீங்கதான் பேச்சைக் கேட்காம, எந்தத் திசையில சொன்னதுன்னு பலன் பார்க்கப் போயிடறீங்க. நல்லா கேட்டுக்க. உன் பொண்டாட்டி உள்ளே உயிரோட இருக்கா. யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா அசைய முடியாது. கண்ணை மூடு, பேசுவா."

ஏகாம்பரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"வந்துட்டீங்களா?" என்றது கோமளத்தின் குரல். "தண்ணி குடிக்கத்தானே போனீங்க? கிணறு வெட்டியா குடிச்சீங்க?"

"கோமளம்" என்று கண்ணைத் திறந்தான். அவள் அப்படியே உறைந்தாள். மறுபடி மூடினான்.

"கண்ணைத் திறக்காதீங்கன்னு இப்பத்தானே சொல்லுச்சு. பல்லு உசிர் போகுதுங்க. எதிர்ல வேற ஒரு பெரியம்மா ராப்பகலா என்னையே முறைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் அவங்களை என்ன பண்ணினேன்?"

இப்போது வைரவன் குரல் வந்தது. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பல்லைப் பிடுங்கிட்டா மந்திரம் விட்டுடும்னு பல்லி சொல்லுது. நானும் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்துட்டேன். குறட்டைக் கிட்டே கொண்டு போனா தாயி வாயை மூடிக்குது."

"இவர் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் திறப்பேன்" என்றாள் கோமளம். "பிடிச்சுக்கிறேன்னு சொன்னார்ல?"

ஏகாம்பரம் கண்ணை மூடியபடியே கையை நீட்டினான். "பிடிச்சுக்கிறேன். கை எங்கே?"

"இந்தக் கட்டைக்கு அடியில."

ஏகாம்பரம் கரண்டிக் காம்பைச் சட்டத்தின் இடுக்கில் விட்டு நெம்பினான். ஆணி கிறீச்சென்று கத்தியது. காவல்காரன் விழித்துக்கொண்டு அவன் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினான். கத்தி ஆளைக் கூப்பிட்டிருப்பான், ஆனால் வாயில் கமர்கட்டு இருந்தது.

மறுநாள் காலையிலும் இருந்தது. ராஜா அந்தப் பக்கம் வந்தவர், "என்னய்யா வாயில?" என்றார். காவல்காரன் "ம்ம்ம்" என்றான்.

ராஜா யோசித்தார். ஐம்பத்தாறு தேசத்துப் படப் பிரியர்கள் வந்தால் சும்மா இருக்கமாட்டார்கள். மூக்கு கோணல், நிழல் சரியில்லை என்று ஆளுக்கு ஒரு நொட்டை சொல்வார்கள். அத்தனை வாயையும் அடைக்க இதைவிட மரியாதையான வழி ஏது? "இந்த மிட்டாய் பண்ணினவனைக் கூட்டிட்டு வாங்க. பௌர்ணமிக்கு விருந்தாளிங்க எல்லாருக்கும் இதுதான்" என்றார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ஏகாம்பரம் கமர்கட்டு அண்டாவை மண்டபத்தில் இறக்கி வைக்கிற சாக்கில் பல்லியிடம் போனான்.

"நாளைக்குச் சாயங்காலம் வார்னிஷ் பூசப் போறாங்களாம். ராத்திரி மண்டபத்தைப் பூட்டிடறாங்க, பகல்ல காவல்காரங்க படத்தை விட்டுக் கண்ணை எடுக்கறதில்லை. அதுக்குள்ள எல்லார் கண்ணும் ஒரு நொடி படத்தை விட்டு நகரணும். நீதான் பெரிய மனசு பண்ணணும். ராஜா தலையில விழணும்."

பல்லிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னை என்னன்னு நினைச்சே? எங்க வம்சத்துல தவறி விழுந்தவங்க உண்டு. வேணும்னு விழுந்தவங்க கிடையாது. போய்யா."

ஏகாம்பரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். "நில்லு" என்றது பல்லி.

"அந்தப் பொண்ணு வலியில முனகறது எனக்குத்தான் கேட்குது. முதுகோட முதுகு ஒட்டி இருக்கோம்ல. எனக்கும் தூக்கம் இல்லை. சரி, விழறேன். நீ மறுபடி தண்ணி குடிக்கப் போயிடாதே."

"ரத்தம் பார்த்தா எனக்குக் காலு நிக்காதே."

"கண்ணை மூடிக்க. யார் வேண்டாம்னது? ஓடத்தான் கூடாது."

பௌர்ணமி வந்தது. ஐம்பத்தாறு தேசத்துப் படப் பிரியர்களும் வந்தார்கள். கழுத்தைச் சாய்த்தார்கள், ஒற்றைக் கண்ணை மூடினார்கள், இரண்டடி பின்னால் போய் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள்.

"அந்தக் கண்ணைப் பாருங்கள். ஆனந்தக் கண்ணீர்" என்றார் ஒருவர்.

"கன்னம் எப்படிப் பூரித்திருக்கிறது. அதுதான் நாணம்" என்றார் இன்னொருவர்.

"பின்னால் மறைத்திருக்கும் கையில் தாமரை மொட்டு. சத்தியம் செய்வேன்" என்றார் மூன்றாமவர்.

"என்ன காதல், என்ன காதல்" என்றார்கள் எல்லோரும். நொட்டை சொல்ல ஆரம்பிப்பதற்குள் ராஜா கமர்கட்டைப் பரிமாறச் சொன்னார். ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டார்கள். மண்டபம் சட்டென்று அமைதியானது.

வார்னிஷ் கிண்ணமும் தூரிகையுமாக வந்து நின்றான் தைலாண்டி. கமர்கட்டுத் தட்டைக் கண்டதும் ஓரடி பின்னால் போனான்.

"நீ சாப்பிடலையா? பாதி ராஜ்யத்துக்குச் சொந்தக்காரனே, வாயைத் திற" என்று ராஜா தன் கையாலேயே ஒரு கமர்கட்டை எடுத்து அவன் வாயில் திணித்தார், தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். ராஜா ஊட்டியதைத் துப்ப முடியுமா? தைலாண்டி அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தூரிகையை வார்னிஷில் தோய்த்தான்.

அப்போது சட்டத்தின் மேல் ஓரத்தில் பல்லி வந்து நின்றது. கீழே ஒரு முறை பார்த்தது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டது. பொத்தென்று ராஜாவின் உச்சந்தலையில் விழுந்தது.

கேட்கவேண்டுமா? ராஜா தலையில் பல்லி என்றால் லேசான காரியமா? ஐம்பத்தாறு தேசமும் படத்தை விட்டுவிட்டு ராஜாவின் தலையைப் பார்த்தது. ஒருவர் கழுத்தில் விரலை இழுத்து, உயிருக்கு ஆபத்து என்று காட்டினார். ஒருவர் கிரீடம் மாதிரி கையை வைத்து, பட்டம் கூடும் என்று காட்டினார். இல்லை இல்லை, விழுந்தது உச்சியில் இல்லை, கொஞ்சம் இடது பக்கம் என்று வேறொருவர் ராஜாவின் தலையைத் தொட்டே காட்டினார். வாய் திறக்க முடியாததால் கையாலேயே சண்டை நடந்தது. பல்லி நடுத்தலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஏகாம்பரம் கரண்டிக் காம்பால் ஓங்கி நெம்பினான். கீழ்ச்சட்டம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே, ஓரமாக, பின்னால் நீட்டியபடி கோமளத்தின் கை. மாசக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த கை. அதைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்குக் கண் இருட்டியது. கண்ணை மூடினான். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. "ஓடமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். சட்டத்துக்கு அடியில் காயாமல் கிடந்த ஈரச் சாயத்துக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் அந்த மண்டபத்தில் ஒருவன் மட்டும் பல்லியைப் பார்க்கவில்லை. தைலாண்டி. அவன் கண் கொட்டாமல் படத்தையே பார்த்தான். அவன் பார்க்கிறவரை உள்ளே யாரும் அசைய முடியாது. கிண்ணத்தைப் போட்டுவிட்டு மந்திரம் சொல்ல வாயெடுத்தான்.

"அச... அச... ம்ம்ம்."

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கமர்கட்டில் ஒட்டிக்கொண்டன. மோவாயைக் கையால் பிடித்துக் கீழே இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை. மூன்றாவது தடவை முழு பலத்தோடு வெடுக்கென்று இழுத்தான். 'மளுக்' என்று ஒரு சத்தம். வலி தாங்காமல் தைலாண்டி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான்.

அந்த ஒரு நொடி போதாதா?

"தாயி" என்றான் வைரவன். கோமளம் ஏகாம்பரத்தின் கையை நெரித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். குறடு முன்னால் வந்தது. பல் வெளியே வந்தது. கோமளம் போட்ட கூச்சலில் ராஜமாதா படம் ஆணியோடு கழன்று குப்புற விழுந்தது. அடுத்த நிமிஷம் கோமளமும் வைரவனும் எண்ணெய் சொட்டச் சொட்டத் தரையில் உருண்டார்கள்.

தைலாண்டி துப்பினான். கமர்கட்டு விழுந்தது, கமர்கட்டோடு இரண்டு முன்பல்லும் விழுந்தன. "அசையாதே" என்று கத்தப் பார்த்தான். "அஃபையாஃபே" என்று காற்றுதான் வந்தது. பல்லோடு மந்திரம் போயிற்று. மந்திரமே போன பிறகு வார்னிஷ் என்ன செய்யும்? மண்டபத்திலிருந்த அத்தனை படத்திலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். வேட்டைக்காரர்கள் இறங்கி, "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். பலாச்சுளைப் பெண் இறங்கி, ஒட்டுகிற கையைக் கழுவ எண்ணெய் கேட்டாள். யானை இறங்கி, கமர்கட்டு அண்டாவில் தும்பிக்கையை விட்டது.

ராஜா வெறும் சட்டங்களைப் பார்த்தார், ஒட்டிப்போன தன் தாடையை விரலால் நெகிழ்த்திக்கொண்டு கோமளத்தைப் பார்த்தார். "அப்ப கண்ணுல தண்ணி?"

"பல்வலி மகாராஜா."

"கன்னம் சிவந்தது?"

"வீக்கம்."

"அவன் பின்னால மறைச்சு வெச்சிருந்த தாமரை மொட்டு?"

வைரவன் குறட்டைக் காட்டினான்.

"அப்ப நான் பார்த்துப் பார்த்து உருகினது எல்லாம் பொய்யா? அதுல காதலே இல்லையா?"

"இருந்துச்சு மகாராஜா" என்றாள் கோமளம். "நீங்க சட்டத்தைப் போட்டு மறைச்சீங்களே, ஒரு கை. அது இவரைத் தேடின கை." சொல்லிவிட்டு ஏகாம்பரம் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது கண்ணைத் திறங்க. எல்லாம் முடிஞ்சது."

"ரத்தம்?"

"துடைச்சாச்சு."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மெதுவாகத் தன் கன்னத்தில் கையை வைத்தார். "தம்பி வைரவா, எனக்கும் ஒரு பல்லு உடைஞ்சிருக்கு போல" என்றார்.

முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வைரவன் குனிந்து ராஜாவின் மோவாயை மெதுவாக ஏந்தினான். ராஜாவின் உதடு லேசாகத் திறந்தது. கண் நிறையத் தண்ணீர். இடது கை தானாகப் பின்னால் நீண்டு துழாவியது. தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ராணி செண்பகவடிவு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தாறு தேசத்துக்காரர்களும் கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தார்கள். "ம்ம்ம், ம்ம்ம்ம்" என்றார்கள்.

தைலாண்டியை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். "ஒரு பூசணிக்காய் வரை. ஒழுங்கா வந்தா விட்டுடறேன்" என்றார் ராஜா. இன்னும் வரைந்துகொண்டிருக்கிறான். நேற்று வரைந்தது கத்திரிக்காய் மாதிரி இருந்ததாம்.

பாதி ராஜ்யத்தை ஏகாம்பரத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார் ராஜா. அதை யார் கூட்டிப் பெருக்குவது என்று கோமளம் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பதிலாக அரண்மனை வாசலில் ஒரு கடை கொடுத்தார்கள், ராணி அவள் வலது காதுக்கு ஒரு தோடு கொடுத்தாள். கடைக்கு நேர் எதிரே வைரவனுக்கு ஒரு கூடாரம். இரண்டும் ஓகோவென்று ஓடின. இந்தக் கடையில் வாங்கியவர்கள் எல்லாம் அந்தக் கூடாரத்துக்குத்தானே போகவேண்டும்? வந்தவர்களுக்குக் கை பிடித்துவிடுகிற வேலை ஏகாம்பரத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பான். ஆனால் ஓடியதில்லை.

அந்த முழ அகலத் தங்கச் சட்டத்தில் இப்போது ராணியின் கண்ணாடி இருக்கிறது. காலையில் ராணி தலை வாரும்போது ராஜாவும் வந்து பக்கத்தில் நின்று அதில் பார்த்துக்கொள்கிறார். பின்னால் அந்தக் கிழட்டுப் பல்லி குடியிருக்கிறது. உங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற படத்துக்குப் பின்னாலும் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள், அதன் பேரப்பிள்ளையோ யாரோ. விரட்டாதீர்கள்.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பல் தேய்த்துவிட்டுப் படுங்கள். கடையில் கமர்கட்டு கிடைத்தால் எனக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் கடியுங்கள்.